வெள்ளைத்தாய் நேர்ந்துவிட்ட கிடாய்கள்

வெள்ளைத்தாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அவள் மேல் இல்லை, அவள் தம்பி மாரிராஜ் மேல். அவன் என் கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்தி, "அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கீங்களா" என்று கேட்டால் கல்லாவுக்குள் சில்லறை தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். அவன் போகிற வரைக்கும் தேடிக்கொண்டே இருப்பேன்.

புதூரில் எனக்குத் தீவனக் கடை. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, உளுந்தம்பொட்டு எல்லாம் கிடைக்கும். நாகலாபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் வெள்ளைத்தாய்க்கு. முப்பது ஆடுகள் கொண்ட ஒரு பட்டி வைத்திருக்கிறாள். கணவர் கிருஷ்ணராஜ் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து, கறி தின்று, "ஊரு ரொம்ப வெக்கை" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆடு, வீடு, வரவு செலவு எல்லாம் அவள் தலையில்தான். அதைப் பாரமாக அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அப்போது அவளுக்கென்று இரண்டு ஆடுகள் இருந்தனவாம். குட்டியிலிருந்து அவளே வளர்த்தவை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்திருக்கிறது. தம்பி மாரிராஜைக் கோவில்பட்டியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க அப்பா விற்றுவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அழுதியாம்மா?" என்று கேட்டேன்.

"அழுதேன் அண்ணாச்சி. தம்பி கழுத்துல டை கட்டிக்கிட்டு வேன்ல ஏறுனான் பாருங்க, அழுகை நின்னுபோச்சு. ராசா கணக்கா இருந்தான்."

இதுதான் வெள்ளைத்தாய். ஆட்டை விற்றதைச் சொல்லும்போது முகம் கறுக்கும், தம்பியைச் சொல்லும்போது வெளுத்துவிடும்.

அந்த இரண்டு ஆடுகள்தான் அவள் பின்னால் செய்த காரியத்துக்கெல்லாம் வேர். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது ஊர்ப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தன. அவள் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஆட்டுக்குட்டி தாரேன், வளக்கீங்களா?" எங்கள் பக்கம் வாரத்துக்கு ஆடு விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. குட்டியை ஒருவர் கொடுப்பார், வளர்ப்பவர் வளர்ப்பார், விற்றதில் ஆளுக்குப் பாதி. வெள்ளைத்தாய் அந்தப் பாதியை வேண்டாம் என்றுவிட்டாள். குட்டியின் விலையை மட்டும் திருப்பித் தந்தால் போதும், மிச்சமெல்லாம் பிள்ளைக்கு. அந்த மிச்சத்தை மூன்று பங்காக்க வேண்டும். ஒன்று அடுத்த குட்டிக்கு. ஒன்று போஸ்ட் ஆபீஸில் பிள்ளையின் பெயரில். மூன்றாவது பங்கைப் பிள்ளை இஷ்டம்போல் செலவழிக்க வேண்டும். கட்டாயம் செலவழிக்க வேண்டும்.

"அதெதுக்கும்மா செலவழிக்கச் சொல்லுத?" என்றேன்.

"செலவழிச்சு ஏமாந்து பாக்காத பிள்ளைக்குச் சேக்கத் தெரியாது அண்ணாச்சி. இருபது ரூவாயில ஏமாந்துட்டா பெறவு இருபதாயிரத்துல ஏமாறாது."

ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பட்டாளத்தை மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாள். ஏழு பிள்ளைகள். தவிடு என்ன விலை, மூடையாய் எடுத்தால் என்ன விலை, போன வாரம் ஏன் குறைச்சல் என்று ஆளாளுக்குக் கேள்வி. வருமானவரிக்காரன்கூட என்னை அப்படிக் குடைந்ததில்லை. சந்தைக்கும் கூட்டிப் போவாள். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதைக் காட்டி, "நல்லாப் பாத்துக்கிடுங்க. சந்தையில அத்தை, மாமான்னு யாரும் கிடையாது. விலை கொறச்சுக் குடுக்கான்னா பொருள்ல என்னமோ இருக்குன்னு அர்த்தம். காசு வாங்குனா அவன் முன்னாலயே எண்ணணும்" என்பாள். பிள்ளைகள் அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். சந்தையில் மட்டும்தான் அத்தை கிடையாது.

அந்த ஏழு பேரில் கிருஷ்ணப்ரியா என்றொரு பிள்ளை. ஏழாம் வகுப்பு. சித்திரை வைகாசியில் வேலிக்கருவை மரத்தடியில் நெற்று கேட்பாரற்று உதிர்ந்து கிடக்கும். ஆடு விரும்பித் தின்னும் அந்தக் காய்ந்த காயை இவள் சாக்குச் சாக்காய்ப் பொறுக்கிக் காயவைத்துக்கொள்வாள். புரட்டாசியில் மேய்ச்சல் இல்லாமல் ஆடுகள் காற்றை மேயும்போது அதைப் படிக்கணக்கில் விற்பாள். என் கடை வியாபாரத்தில் கைவைத்த ஒரே ஆள். "படியில அளந்தா ஆளுக்கு ஒரு அளவா வருது அண்ணாச்சி, ஒரு எலெக்ட்ரானிக் தராசு என்ன விலை?" என்று வாராவாரம் கேட்பாள். நானும் வாராவாரம் சொல்வேன். அடுத்த கிடாய் விற்றதும் தராசு என்று பேச்சு.

முதல் இடி மாதவன் வீட்டில் விழுந்தது. அவன் அப்பா போனில் ரம்மி ஆடி, வட்டிக்கு வாங்கியதையும் தோற்றுவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து அவன் கிடாயைப் பிடித்துக்கொண்டுபோய் விற்றுவிட்டார். மாதவன் அழவில்லை. "அப்பாதான வித்தாவ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அதைத்தான் வெள்ளைத்தாயால் தாங்க முடியவில்லை. அவனுக்கு இன்னொரு குட்டி கொடுத்தாள். ஆனால் மற்ற அப்பன்மார்களும் இப்போது பிள்ளையின் ஆட்டை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் மாரிராஜ் யோசனை சொன்னான். படித்தவன், ஊர்க் கருப்பசாமி கோயில் கமிட்டித் தலைவன், ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நிற்கிற ஆசையில் வெள்ளை வேட்டிக்கு மாறியிருந்தான். அக்கா என் கடையில் தவிடு வாங்கிக்கொண்டிருந்தபோது அவனும் வந்திருந்தான். அதனால் அவன் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"எல்லாக் கிடாயையும் கருப்பசாமிக்கு நேந்துவிட்டாச்சுன்னு சொல்லிக் காத வெட்டி விட்டுரு அக்கா. எவன் தொடுவான்?"

உண்மைதான். எங்கள் பக்கம் காது நுனியை வெட்டி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய கிடாய் என்றால் அது சாமி சொத்து. அடுத்தவன் காட்டில் மேய்ந்தாலும் கல்லெறிய மாட்டான். குடிகாரன்கூட அதன் கயிற்றைத் தொடமாட்டான். போலீஸ் காவலைவிடப் பெரிய காவல்.

"காது வெட்டுன கிடாயச் சந்தையில எவன் வாங்குவான் மாரிராஜ்? பிள்ளைக அத பக்ரீத்துக்குல்லா விக்கணும்?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"கோயில்ல ஒரு தொகையை முடிஞ்சு போட்டுட்டு மீட்டுக்கிடலாம் அண்ணாச்சி. கமிட்டி சீட்டு குடுத்தா சந்தையில வாங்குவான். கமிட்டி யாரு? நாந்தான?"

வெள்ளைத்தாய் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். என் தம்பி புத்தியைப் பார்த்தீர்களா என்கிற பார்வை.

கார்த்திகையில் காது வெட்டினார்கள். கிருஷ்ணப்ரியா கிடாயின் காதில் ரத்தம் வந்ததும் அந்தப் பிள்ளை தேம்பியதாம். வெள்ளைத்தாய் மஞ்சளை வைத்து அமுக்கி, "அழாதட்டி, இது உன் ஆட்டுக்குப் பூட்டு" என்றாளாம். மாரிராஜ் மகள் தீபலட்சுமியும் அந்த ஏழு பேரில் ஒருத்தி. அவள் கிடாய்க்கு மட்டும் காது வெட்டவில்லை. "எம் பிள்ளை ஆட்ட நானே விப்பேனாக்கா?" என்று மாரிராஜ் சிரித்திருக்கிறான். அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். நம்ப நட, நம்பி நடவாதே என்று பெரியவர்கள் சொன்னது ஊராருக்கு மட்டும்தான், உடன்பிறந்தவனுக்கு இல்லை என்று நினைத்துவிட்டாள். பூட்டைப் போட்டவள் சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாள்.

சித்திரையில் கருப்பசாமிக்குக் கொடைத் திருவிழா. வருஷா வருஷம் நான் ஒரு மூடை அரிசி கொடுப்பது வழக்கம். அதை இறக்கிவிட்டுப் போகலாம் என்று முந்தின வாரம் போனபோது கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். மாரிராஜ் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். முப்பது வீட்டு ஊருக்கு மைக். இந்த வருஷம் சுற்று வட்டார ஊர்களையெல்லாம் அழைத்திருக்கிறோம், எல்லோருக்கும் கறிச்சோறு என்றான். எல்லோருக்கும் புரிந்தது, தேர்தல் சோறு.

"வரி பத்தல. ஆனா கவலப்படாதீங்க. சாமிக்கு நேந்த கிடா ஆறு நம்ம ஊர்லயே நிக்கி. நம்ம பிள்ளைக வளத்தது. கருப்பன் பங்கு கருப்பனுக்கு வந்து சேரணும்."

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாய் முதலில் சிரித்தாள். தம்பி விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை என்றதும் எழுந்தாள்.

"ஏலே மாரி, என்னலே சொல்லுத? அது நெசமாவா நேந்ததுலே? அப்பன்மாரு விக்காம இருக்கதுக்குன்னு நீதானலே காத வெட்டச் சொன்ன?"

அவன் மைக்கை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. "அக்கா, சாமி காரியத்துல விளையாடாத. நான் எப்பச் சொன்னேன்?"

ஒலிபெருக்கி அதை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான் எழுந்தேன். "என் கடையில வச்சுத்தான் சொன்ன மாரிராஜ், நான் கேட்டேன்" என்றேன். "அண்ணாச்சி, நீங்க வெளியூரு. இது எங்க சாமி" என்றான். அந்த ஒரு வார்த்தையில் என்னை உட்காரவைத்துவிட்டான். பூசாரி சோலைமுத்து நல்ல மனுஷன்தான், ஆனால் பூசாரி.

"தாயி, நேந்தேன்னு வாயால சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"காதுல ரத்தம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"பெறவென்ன?"

"பொய் சொன்னது நான். தெய்வக் குத்தம்னா என்னையச் சேரட்டும். என் பட்டியில எது வேணும்னாலும் பிடிச்சுக்கிடுங்க. பிள்ளைக ஆட்ட விட்ருங்க" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். சாமியைப் பார்த்து இல்லை, தம்பியைப் பார்த்து.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகூட யோசித்தார். மாரிராஜ்தான், "நேந்தது ஒண்ணு, குடுக்கது ஒண்ணா? நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்றான். அவ்வளவுதான். எந்தத் தாய் அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பாள்? கிருஷ்ணப்ரியாவின் அம்மா சுந்தரேஸ்வரிதான் முதலில் எழுந்தது. "எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ளை மயினி, கோவிச்சுக்கிடாதீங்க" என்று வெள்ளைத்தாயிடம் சொல்லிவிட்டுக் கிடாயை அவிழ்க்கப் போனாள்.

கொடைக்கு நான் போயிருக்கக் கூடாது. போனேன். கிடாய் வெட்டுமுன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பை உதறித் துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துலுக்காவிட்டால் வெட்டக் கூடாது. ஐந்து கிடாய்கள் துலுக்கின. கிருஷ்ணப்ரியாவின் கிடாய் மட்டும் தெளிக்கத் தெளிக்க அசையாமல் நின்றது. அந்தப் பிள்ளை வெள்ளைத்தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, துலுக்கலை, துலுக்கலை" என்றது. வெள்ளைத்தாயும் வாய்விட்டு, "சாமிக்குத் தெரியுது, விட்ருங்க" என்றாள். கூட்டத்தில் நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள்.

மாரிராஜ் குடத்தை வாங்கி அந்த வெட்டுப்பட்ட காதுக்குள் ஊற்றினான். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் உதறாது? குலவை போட்டார்கள்.

பந்தியில் மாதவன் இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டான். "என் ஆடுதான" என்றான். கிருஷ்ணப்ரியா இலையில் உட்காரவில்லை. தீபலட்சுமியைத் தேடிப் பிடித்து, "உன் ஆடு எங்கட்டி?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்குக் கள்ளம் தெரியாது. "அப்பா போன சனிக்கிழமையே எட்டயபுரத்துல வித்துட்டாவ. பக்ரீத் வியாபாரி வந்துருந்தாவளாம். நல்ல விலை. பாங்குல போட்டாச்சு" என்றாள்.

கிருஷ்ணப்ரியா நேராக வெள்ளைத்தாயிடம் வந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அத்தை, தீபா ஆட்டுக் காத மட்டும் ஏன் வெட்டல?"

வெள்ளைத்தாய் பிள்ளையின் கையைப் பிடிக்கப் போனாள்.

"நீங்களும் தீபா அப்பாவும் சேந்துதான் செஞ்சீங்களா?"

பிள்ளை அதைக் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தவிடு விலை கேட்கிற மாதிரி, விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டாள். "இல்ல தாயி, இல்ல" என்று வெள்ளைத்தாய் சொல்வதற்குள் அவள் தன் அம்மாவைத் தேடிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வெள்ளைத்தாய் கடைக்குத் தனியாக வந்தாள். புண்ணாக்கு எடுத்துவைத்தேன். வாங்கிக்கொள்ளாமல் மூடை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கிடாயப் பூசாரி அறுத்தாரு. என்னைய என் தம்பி அறுத்துட்டான் அண்ணாச்சி. ஆடு போனாப் போவுது. என் பட்டியில இல்லாத ஆடா? 'ஆமாக்கா, நாந்தான் சொன்னேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆறு கிடாயையும் நானே பிடிச்சுக் குடுத்துருப்பேன். அன்னைக்கு என் ஆட்ட வித்துத்தான் அவன் டை கட்டுனான். இன்னைக்கு என் நாக்க வித்துட்டான். பிள்ளைககிட்ட நான் என்ன சொன்னாலும் இனி பொய்யில்லா?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று நான் ஏதோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. மாரிராஜ் அதன்பிறகு இரண்டு முறை அக்கா வீட்டுப் படி ஏறியிருக்கிறான். அவள் பட்டிக்குள் போய் ஆடுகளோடு நின்றுகொண்டாளாம். சாமி சொத்தைக் கேட்டு ஊர்க்கூட்டத்தில் சண்டை போட்டவள் என்ற பெயரும் அவளுக்குத்தான் நின்றது. அவனுக்கு, சுற்று வட்டாரமே மெச்சிய கறிச்சோறு போட்டவன் என்ற பெயர்.

ஐப்பசியில் நல்ல மழை. கரிசல் காடு காலைப் பிடித்து இழுத்தது. அவள் ஆடுகள் ஈன்ற குட்டிகளில் தாய்ப்பால் மறந்தவற்றை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். சில தாய்மார்கள் வாங்கிக்கொண்டார்கள். சிலர் வீட்டுக்குள்ளிருந்தே வேண்டாம் என்றார்கள். கிருஷ்ணப்ரியா வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதனால் ஒரு ஞாயிறு, அந்தப் பிள்ளை நெற்று விற்க என் கடைப் பக்கம் வருவாள் என்று தெரிந்து, ஒரு கறுப்புக் கிடாய்க்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து காத்திருந்தாள். நல்ல குட்டி. பட்டியிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துவந்திருக்கிறாள்.

கிருஷ்ணப்ரியா வந்தாள். அரை வருஷத்தில் வளர்ந்திருந்தாள். வெள்ளைத்தாய் குட்டியை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளை முதலில் குட்டியின் காதைப் பிடித்தாள். ஒரு காதைப் புரட்டி நுனியை விரலால் தடவினாள். பிறகு அடுத்த காது. பிறகு கழுத்தில் கயிறோ துணியோ கட்டிய தடம் இருக்கிறதா என்று ரோமத்தை விலக்கிப் பார்த்தாள்.

"என்ன விலை?"

"விலையெல்லாம் வேண்டாம் தாயி. உன் ஆட்டுக்குப் பதில்."

"சும்மா வேண்டாம். வாரத்துக்கும் வேண்டாம். விலை சொல்லுங்க."

வெள்ளைத்தாய் என்னைப் பார்த்தாள். "சரி, ஆயிரம் குடு" என்றாள்.

"இந்தக் குட்டியச் சந்தையில மூவாயிரத்துக்குக் கொறஞ்சு எவனும் குடுக்க மாட்டான். விலை கொறச்சுக் குடுத்தா பொருள்ல என்னமோ இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

வெள்ளைத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூவாயிரம்" என்றாள்.

பிள்ளை பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். இரண்டு கோடையின் நெற்றுக் காசு. தராசுக் காசு. எல்லாம் ஐம்பதும் நூறுமாக இருந்தது. வெள்ளைத்தாய் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சாட்சி. இந்தக் கிடா யாருக்கும் நேந்தது இல்ல" என்றாள். நான் தலையாட்டினேன்.

வெள்ளைத்தாய் பணத்தை அப்படியே மடியில் சொருகப் போனாள்.

"எண்ணிப் பாருங்க" என்றாள் கிருஷ்ணப்ரியா.

வெள்ளைத்தாய் எண்ணத் தொடங்கினாள். பாதியில் தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அந்தப் பிள்ளை, சந்தையில் முன்பின் தெரியாத ஆளிடம் நிற்கிற மாதிரி, குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நோட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு தாயி."

அத்தை என்று ஒரு தடவை கூப்பிட்டுவிடுவாள் என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். மினி பஸ் வந்ததும் குட்டியோடு ஏறிப் போய்விட்டாள்.